பயமில்லாமல் எழுதப்பட்ட அறிக்கை

பத்து இருபத்து மூன்றுக்குப் புகை வந்திருக்கிறது. பத்து இருபத்து நான்குக்கு அடங்கியிருக்கிறது. நடுவில் அந்த ஒரு நிமிடம் நான் என்ன செய்துகொண்டிருந்தேன்?

சுகிர்தா இதை யாரிடமும் கேட்கவில்லை. மதுரையில் தன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், மதிய வெயில் சன்னல் கம்பிகளின் நிழலைக் கோடுகோடாகப் போட்டிருக்க, களக்குறிப்பேட்டை விரித்து வைத்து உட்கார்ந்திருந்தாள். விடை அந்தப் பக்கத்திலேயே இருந்தது. அந்த ஒரு நிமிடமும் அவள் எழுதிக்கொண்டிருந்தாள்.

'அறை எண் ஏழு. காலை 10.23. மருந்துத் தட்டின் ஓரத்தில் மெல்லிய வெண்புகை. பணியாளர் நால்வரும் அமைதியாக இருக்கின்றனர். 10.24. புகை அடங்கியது. பணி தொடர்கிறது. கை நடுக்கம் இல்லை.'

அவளுடைய கையெழுத்துதான். உருண்டையான, அவசரமில்லாத எழுத்து. ஆறு வாரங்களுக்கு முன்பு, சாத்தூருக்கு மேற்கே ஒரு பட்டாசு ஆலையில், நான்கு பெண்கள் காகிதக் குழாய்களுக்குள் வெடிமருந்து அடைத்துக்கொண்டிருந்த அறையின் வாசலில் நின்று எழுதியது. தட்டுக்கும் அவளுக்கும் நடுவே மூன்றடி. தட்டில் இருந்த மருந்து கூரையைத் தூக்கப் போதுமானது. அது அவளுக்கு அப்போதும் தெரியும். அவள் கத்தவில்லை. ஓடவில்லை. 'அமைதியாக' என்ற சொல்லில் துணைக்கால் போடும்போது பேனா மை திட்டாக ஊறியிருந்தது. அதைச் சரிசெய்துவிட்டுத்தான் அடுத்த சொல்லுக்குப் போயிருக்கிறாள்.

அறிக்கை தயாரிக்கும்போது இந்தப் பக்கத்தைப் பத்து முறையாவது வாசித்திருப்பாள். இன்றுதான் விரல் நுனிகள் சில்லிட்டன.

கழுத்துப் பட்டையைக் கழற்றி இன்று மூன்றாம் நாள்.

கழற்றச் சொன்னது தோல் மருத்துவர். இளம்பெண். பின்கழுத்தைப் பார்த்ததும், "என்ன மேடம், யாரோ கயிறு போட்டு இழுத்த மாதிரி இருக்கு?" என்றாள்.

"ஒரு பட்டைங்க. மூணு மாசமா போட்டிருக்கேன். பட்டாசு ஆலையில வேலை பாக்குறவங்களுக்காகச் செஞ்சது."

"என்ன பண்ணும்?"

"பயத்தைத் தணிக்கும். பயந்தா நெஞ்சு அடிச்சுக்கும், கை நடுங்கும் இல்லையா? அது ஆரம்பிக்கும்போதே தெரிஞ்சுக்கிட்டு, கழுத்து நரம்பு வழியா சின்னதா ஒரு துடிப்பு அனுப்பி அடக்கிடும். மருந்து அடைக்கிற இடத்துல கை நடுங்கினா உராய்வு. உராய்ஞ்சா பொறி. நடுக்கம் நின்னா விபத்து குறையும்னு சொல்றாங்க."

"நீங்க பட்டாசா சுத்துறீங்க?"

"இல்லைங்க. இது நல்லதா கெட்டதான்னு ஆராய்ச்சி பண்றேன்."

"அதுக்கு நீங்க ஏன் மாட்டிக்கிட்டீங்க?"

சுகிர்தா அப்போது கொஞ்சம் பெருமையோடுதான் பதில் சொன்னாள். தொழில்நுட்ப நெறி ஆய்வு மையத்தில் அவள் சேர்ந்த வருடமே எழுதிக்கொடுத்த விதி அது: பிறர் உடம்பில் பூட்டச் சொல்வதை முதலில் நம் உடம்பில் பூட்டிக்கொள்ள வேண்டும். வெளியூர்க் கருத்தரங்குகளில்கூட அதை எடுத்துப் பேசியிருக்கிறார்கள்.

"நல்ல விதிதான்," என்றாள் மருத்துவர், களிம்பின் பெயரை எழுதியபடி. "ஆனா ஒரு வாரம் கழட்டி வச்சிடுங்க. தோலுக்கு உங்க விதியெல்லாம் தெரியாது."

முதல் நாள் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாம் நாள் காலையில் குக்கர் விசில் அடித்தபோது சுகிர்தா சமையலறைத் தரையில் உட்கார்ந்திருந்தாள். எப்படி உட்கார்ந்தாள் என்று தெரியவில்லை. இரு கைகளாலும் தலையை மூடியிருந்தாள். இட்லிப் பொடி டப்பா உருண்டு வந்து முழங்காலில் இடித்து நின்றது.

பத்து வயது ஜோவிதா கதவருகில் நின்று பார்த்தாள். ஓடிவந்து அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டாள். அவள் முகத்தில் இருந்தது பதற்றம் இல்லை, ஒருவகையான ஆறுதல் சிரிப்பு. அதுதான் சுகிர்தாவைக் குத்தியது.

"என்னடி சிரிக்கிற?"

"இல்லம்மா. நீ பழைய மாதிரி ஆயிட்ட."

"முன்னாடி எப்படி இருந்தேன்?"

ஜோவிதா யோசித்தாள். "எனக்கு அன்னிக்கு நூத்தி நாலு ஜுரம் அடிச்சுதுல்ல. நீ தெர்மாமீட்டரப் பாத்துட்டு, நூத்தி நாலுன்னு சொல்லிட்டு, மாத்திரை குடுத்துட்டுப் போய்ப் படுத்துட்ட. நான் உன்னக் கூப்பிடவே இல்ல. கூப்பிட்டா வருவ. ஆனா வந்தாலும் ஒண்ணும் இல்லாத மாதிரி இருந்துச்சு."

சுகிர்தாவுக்கு அந்த நாள் நினைவிருந்தது. அன்றைக்கு நன்றாகத் தூங்கினாள். மறுநாள் காலை, மூன்று வருடங்களில் இல்லாத அளவு உடம்பு லேசாக இருந்ததாகக் குறிப்பும் எழுதியிருந்தாள்.

இப்போது அதையெல்லாம் வரிசையாக எடுத்து வாசித்துக்கொண்டிருந்தாள். குறிப்பேட்டை மூடிவிட்டு அறிக்கையைத் திறந்தாள். நாற்பத்தோராம் பக்கம்: 'பட்டை அணியத் தொடங்கிய பிறகு அறை எண் ஏழில் தேவையற்ற வெளியேறல்கள் முற்றிலும் நின்றுவிட்டன.' நன்மைகள் என்ற தலைப்பின் கீழ் இருந்தது. எழுதியது அவள்தான். எந்த வெளியேறல்கள்? யார் வெளியேறினார்கள், எதற்காக? அந்த அறையில் மருந்து அடைக்கும் மாரீஸ்வரி ஏதோ சொன்னாள். சுகிர்தா கேட்கவும் செய்தாள். ஆனால் பட்டை போட்டிருந்த அந்த நாளில் அது வெறும் தகவலாகக் காதில் விழுந்து போயிருந்தது.

திங்கட்கிழமை இந்த அறிக்கையில் அவள் கையெழுத்திட வேண்டும். இட்டால், அடுத்த மாதம் முதல் மாவட்டத்தின் எல்லாப் பட்டாசு ஆலைகளிலும் எல்லாக் கழுத்துகளிலும் பட்டை கட்டாயம். அரசாணை தயாராக இருக்கிறது. களத்துக்குப் போனவளின் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

ஞாயிறு காலை ஜோவிதாவைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு சாத்தூர் பஸ் ஏறினாள். வழி நெடுகப் பயமாக இருந்தது. ஓட்டுநர் லாரிகளை முந்தியபோதெல்லாம் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்தாள். மூன்று மாதப் பயம் எங்கேயோ ஒரு மூலையில் சேர்ந்து கிடந்து இப்போது மொத்தமாக இறங்குவதைப் போலிருந்தது.

மாரீஸ்வரி வீட்டு வாசலில் துணி அலசிக்கொண்டிருந்தாள். நாற்பத்தைந்து வயதிருக்கும். இடது முழங்கைக்குக் கீழே தோல் சுருங்கிப் பளபளப்பாக இருக்கும். எட்டு வருடம் முன்பு நடந்த வெடிவிபத்து. கழுத்தில் பட்டை இருந்தது.

"என்ன டீச்சர், ஞாயித்துக்கிழமையும் நோட்டத் தூக்கிட்டு வந்துட்டீங்க? உங்களுக்கு லீவே கிடையாதா?"

சுகிர்தா பள்ளிக்கூட டீச்சர் இல்லை. முதல் நாளே சொல்லிப் பார்த்தாள், மாரீஸ்வரி விடவில்லை.

"நோட்டு எடுத்துட்டு வரலக்கா. சும்மா ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க. முதல்ல உக்காருங்க. கலர் குடிக்கிறீங்களா? வெயில்ல வந்து மூஞ்சி செத்துப் போயிருக்கு."

"வேண்டாங்க்கா. பட்டை போடுறதுக்கு முன்னாடி நீங்க நாலு பேரும் சில நாள் அறைக்குள்ள போக மாட்டீங்கன்னு சொன்னீங்களே, அது என்ன?"

"அதுவா? அத அன்னிக்கே சொன்னேனே, நீங்க எழுதிக்கிட்டீங்களே." மாரீஸ்வரி கையை உதறிக்கொண்டு எதிரே குத்தவைத்தாள். "காலையில உள்ள போறதுக்கு முந்தி வாசல்ல நிப்போம். ஒருத்தி மூஞ்சிய ஒருத்தி பாப்போம். யாராச்சும் ஒருத்தி மூஞ்சி சரியில்லன்னா, நாலு பேரும் சைக்கிள் நிறுத்துற செட்டுல போய் உக்காந்துருவோம். ஏன்னு கேக்கக் கூடாது. அவ்வளவுதான்."

"சரியில்லன்னா?"

"அதச் சொல்லத் தெரியாது. காத்து வேற மாதிரி அடிக்கும். மருந்து வாடை கூடத் தெரியும். இல்ல, வீட்ல புருஷன்கூடச் சண்டை போட்டுட்டு வந்திருப்பா, கை நிதானத்துல இருக்காது. என்னமோ ஒண்ணு. அவளுக்கே தெரியாது. போர்மேன் வந்து, 'மகாராணிகளுக்கு இன்னிக்கு மனசு வரலையாக்கும்'னு கத்துவாரு. 'வரல, நீரு வேணா போய் அடையும்'னு ஜெகஜோதி சொல்லுவா. அவரு போயிருவாரா? மாட்டாரு. எங்கள மாதிரி அவருக்கும் உசுருதான்." சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

"எத்தனை தடவை நீங்க நினைச்சது சரியா இருந்துச்சு?"

"அது எப்படித் தெரியும் டீச்சர்? உள்ள போகலைல்ல. போகாததுனால ஒண்ணும் நடக்கல. நடக்காதத எப்படி எண்ணுறது?" ஈரக்கையால் நெற்றியைத் துடைத்தாள். "இந்தக் கை வெந்ததுக்கு அப்புறம் ஒரே ஒரு தடவை மட்டும் தெரிஞ்சுச்சு. நாங்க சைக்கிள் செட்டுல உக்காந்துருக்கோம், அங்க கூரை எந்திரிச்சுப் போச்சு."

சுகிர்தாவுக்கு நாற்பத்தோராம் பக்கம் நினைவு வந்தது. தேவையற்ற வெளியேறல்கள் என்று நான் எழுதினேன். ஒரு கமாகூடத் தவறாமல் எழுதினேன்.

"இப்ப அந்த வழக்கம் இல்லையாக்கா?"

"ஏன் இல்ல? இப்பவும் வாசல்ல நிக்கிறோம். பாக்குறோம். எல்லா மூஞ்சியும் நல்லாத்தான் இருக்கு."

அவள் அதைச் சொன்ன விதத்தில் எந்தக் கனமும் இல்லை. துணி காய்ந்துவிட்டது என்று சொல்வதைப் போல இருந்தது.

"அன்னிக்குத் தட்டுல புகை வந்துச்சே. ஓடணும்னு தோணலையா?"

"ஓடணும்னு தெரிஞ்சுச்சு டீச்சர். நல்லாத் தெரிஞ்சுச்சு. ஆனா தெரியுறது ஒண்ணு, காலு எந்திரிக்கிறது ஒண்ணு. நீங்களும்தான நின்னீங்க?"

"நானும்தான் நின்னேன்." சுகிர்தா தலைகுனிந்தாள். "அக்கா, அதக் கழட்டிருங்க."

மாரீஸ்வரி பட்டையைத் தொட்டுப் பார்த்தாள். "கழட்டுனா கேட்டுக்குள்ளயே விட மாட்டாங்க. அது போகட்டும். எட்டு வருஷமா கண்ண மூடுனா அந்தச் சத்தம். எங்கூட வேலை பாத்த தங்கமாரி என் பேரச் சொல்லிக் கத்துனா பாருங்க, அந்தச் சத்தம். இந்த மூணு மாசமாத்தான் டீச்சர் தூங்குறேன். இத எடுத்துக்கிட்டு அதுக்குப் பதிலா என்ன தருவீங்க?"

சுகிர்தாவிடம் தர ஒன்றும் இல்லை. உடன்படாத ஒருத்தியிடமிருந்து அவளுடைய தூக்கத்தைப் பிடுங்க எந்த நெறிநூலிலும் இடமில்லை என்று அவளுக்குத் தெரியும். பாடமே எடுத்திருக்கிறாள்.

"உங்க கழுத்துல காணோமே?" என்று மாரீஸ்வரி அப்போதுதான் கவனித்தாள்.

"அரிச்சுது. டாக்டர் கழட்டச் சொன்னாங்க."

"அரிப்பா! அப்ப இவ்வளவு படிச்சவங்களக் காப்பாத்துனது அரிப்புதானா?" மாரீஸ்வரி வாய்விட்டுச் சிரித்தாள். பிறகு சிரிப்பு மெல்ல நின்றது. முன்னால் குனிந்து, சுகிர்தாவின் முகத்தை, பழைய பழக்கத்தில், கண்ணிலிருந்து மோவாய் வரைக்கும் நிதானமாகப் பார்த்தாள்.

"உங்க மூஞ்சி சரியில்ல டீச்சர்," என்றாள்.

"நாளைக்கு உள்ள போகாதீங்கக்கா."

"போகக் கூடாதுதான்." மாரீஸ்வரி தலையை ஆட்டி ஒப்புக்கொண்டாள். முகம் தெளிவாக இருந்தது. "ஆனா போவோம்."

அந்தத் தெளிவைப் பார்க்க முடியாமல் சுகிர்தா எழுந்துவிட்டாள்.

திங்கட்கிழமை பதினொரு மணிக்கு மையத்தின் கூட்ட அறையில் நெறிக்குழுவின் ஏழு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். இயக்குநர் நடராஜமூர்த்தி நடுவில். அவருக்கு வலப்பக்கம் ஃபிலோமினா மேடம். அந்தக் குழு சண்டைக்குப் பேர்போனது. ஃபிலோமினா மேடம் ஒருமுறை ஒரு வரியில் 'பெரும்பாலும்' என்ற சொல் இருக்கலாமா என்று நாலு மணி நேரம் வாதாடி, இயக்குநரின் டீ ஆறி, புது டீ வந்து, அதுவும் ஆறியது. மையத்தில் அதை இன்னும் சொல்லிச் சிரிப்பார்கள்.

சுகிர்தா எல்லாவற்றையும் சொன்னாள். புகை, ஒரு நிமிடம், வாசலில் முகம் பார்ப்பது, நாற்பத்தோராம் பக்கம், மகளின் காய்ச்சல். சொல்லும்போது குரல் இரண்டு இடங்களில் உடைந்தது. அவர்கள் குறுக்கிடாமல் கேட்டார்கள். ஃபிலோமினா மேடம் குறிப்பெடுத்தார். முடிந்ததும் இயக்குநர், "கவலைப்பட வேண்டிய விஷயம்தான்," என்றார். சாயங்காலம் மழை வரலாம் என்று சொல்லும் குரலில்.

யாரும் மேசையைத் தட்டவில்லை. ஏழு முகங்களும் அவளைக் கனிவோடு பார்த்துக்கொண்டிருந்தன. நேற்று இதே பார்வையை எங்கோ பார்த்தோமே என்று அவளுக்குத் தோன்றியது. மாரீஸ்வரியின் முகத்தில்தான் என்று தெரிந்தபோது, ஃபிலோமினா மேடத்தின் கழுத்தில், ரவிக்கை விளிம்புக்கு மேலே, சாம்பல் நிறக் கோடு ஒன்று தெரிந்தது.

"மேடம், நீங்களுமா?"

"நாங்க எல்லாருமேதான்," என்றார் ஃபிலோமினா. "உன் விதிதானே சுகிர்தா. பரிந்துரைக்கிறவங்க முதல்ல போட்டுக்கணும்னு. களத்துக்குப் போன உன்னை மட்டும் போட வச்சுட்டு நாங்க சும்மா இருந்தா அது நேர்மையா? நீ போட்ட அதே வாரம் ஏழு பேரும் போட்டுக்கிட்டோம்."

சுகிர்தா நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள். மூன்று மாதங்கள். இந்த மூன்று மாதங்களில் இந்தக் குழு எத்தனை கோப்புகளுக்கு ஒப்புதல் தந்திருக்கும்?

"ஒண்ணு கேக்கிறேன். இந்த மூணு மாசத்துல, எந்த விஷயத்துலயாவது, தப்பு பண்றோமோன்னு யாருக்காவது பயம் வந்துச்சா?"

அவர்கள் உண்மையாகவே யோசித்தார்கள். ஒருவர் பின் ஒருவராகத் தலையசைத்தார்கள். இல்லை.

"எல்லாமே ஒருமனதாத்தான் முடிஞ்சுது," என்றார் இயக்குநர். "கூட்டம் இருபது நிமிஷத்துல முடிஞ்சிடுது. அது நல்லதுதானேம்மா?"

"சார், நாம எல்லாரும் கழட்டிட்டு அறிக்கையை மறுபடி வாசிக்கலாம். ஒரு வாரம் போதும். மேடம், நீங்களாவது."

ஃபிலோமினா மேடத்தின் கை கழுத்துவரை போனது. அங்கேயே நின்றது. "எதுக்கு?" என்று கேட்டார். வாதாடக் கேட்கவில்லை. உண்மையிலேயே அவருக்கு அது புரியவில்லை. கை மறுபடி மேசைக்கு வந்தது.

நடராஜமூர்த்தி முன்னால் சாய்ந்தார். "சுகிர்தா, நீங்க சொல்றதை நான் ஒதுக்கல. ஆனா இப்படி யோசிச்சுப் பாருங்க. பயம் இல்லாததால நாங்க சரியா பாக்கலைங்கிறீங்க. பயந்திருக்கறதால நீங்க சரியா பாக்கலைன்னு நாங்களும் சொல்லலாம். தூங்கி எத்தனை நாளாச்சு?"

"மூணு நாள்."

"பாருங்க. யார் சரின்னு யார் சொல்றது? நியாயமா ஒரு வழி இருக்கு." மேசைமேல் ஒரு சிறிய அட்டைப்பெட்டியை அவள் பக்கம் நகர்த்தினார். "உள்பக்கம் பருத்தித்துணி வச்சது. அரிக்காது. போட்டுக்கிட்டு அரைமணி நேரம் இங்கேயே உக்காந்து அறிக்கையை வாசிங்க. அப்பவும் வேண்டாம்னு தோணினா நானே கிழிச்சுப் போடுறேன். நீங்க கையெழுத்துப் போடலைன்னா வேற ஒருத்தரைக் களத்துக்கு அனுப்பணும். அவரும் போட்டுக்கிட்டுத்தான் போவார். உங்க விதி அது."

அவர் சொன்னதில் பிழை கண்டுபிடிக்க அவளால் முடியவில்லை. நடுநிலையான யோசனை. அவளுடைய மாணவர் யாராவது தேர்வில் எழுதியிருந்தால் முழு மதிப்பெண் போட்டிருப்பாள்.

பெட்டியைத் திறந்தாள். பட்டை உள்ளங்கையில் வைக்க மெத்தென்று இருந்தது. அரைமணி நேரம் வேண்டியதில்லை என்று அவளுக்குத் தெரியும். பூட்டிய ஐந்தாவது நிமிடத்தில் நெஞ்சில் கிடக்கும் கல் கரையும். மாரீஸ்வரி நேற்றுச் சொன்ன 'ஆனா போவோம்' என்ற இரண்டு சொற்கள் வெறும் இரண்டு சொற்களாகிவிடும். இந்நேரம் அறை எண் ஏழில் நாலு பேரும் தட்டைச் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள் என்ற நினைப்பு, மேசையும் நாற்காலியும் போல ஒரு விவரமாகிவிடும். இன்று மதியம் வீட்டுக்குப் போய்ப் படுத்தால் தூக்கம் வரும். அவளுடைய உடம்பு முழுதும் அதை விரும்பியது. இவ்வளவு விரும்புவோம் என்று அவள் நினைத்திருக்கவில்லை. மாரீஸ்வரியிடம் கழற்றச் சொன்னபோது என்ன கேட்டோம் என்று இப்போதுதான் விளங்கியது.

கைகள் நடுங்கின. பட்டையின் கொக்கி பெட்டியின் விளிம்பில் தட்டித் தட்டிச் சத்தமிட்டது. ஏழு பேரும் அந்தக் கைகளை இரக்கத்தோடு பார்த்தார்கள்.

இந்த அறையில் பயப்பட நான் ஒருத்திதான் இருக்கிறேன், என்று அவள் நினைத்தாள்.

பட்டையைப் பெட்டிக்குள் வைத்து மூடினாள். அறிக்கையையும் அதன்மேல் இருந்த பேனாவையும் அவர் பக்கமே நகர்த்தினாள்.

"வேண்டாம் சார்," என்றாள். "நான் இப்படியே இருக்கேன்."